ஜான் சீனாவின் 17ஆவது பட்டம்: ரெஸில்மேனியா 41 தந்த ஏமாற்றம்

கதையும் முடிவும் முன்கூட்டியே எழுதி ஆடப்படும் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்தின் மிகப் பெரிய வருடாந்தர நிகழ்ச்சி ரெஸில்மேனியா. அதன் 41ஆவது பதிப்பின் இரண்டாம் நாளான 2025 ஏப்ரல் 20 அன்று, லாஸ் வேகாஸ் அலிஜியன்ட் ஸ்டேடியத்தில் அப்போதைய சாம்பியன் கோடி ரோட்ஸைத் தோற்கடித்து, ஜான் சீனா 17ஆவது முறையாக உலகச் சாம்பியன் ஆனார். பழம்பெரும் வீரர் ரிக் ஃபிளேரின் 16 பட்டங்கள் என்ற சாதனை அன்றோடு முறிந்தது. 2017 ஜனவரியில் ஏஜே ஸ்டைல்ஸை வென்று சீனா 16ஐத் தொட்ட நாளிலிருந்தே, இன்னும் ஒன்று எப்போது வரும் என்று ரசிகர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு வருடங்களுக்கு மேல் காத்திருந்து கிடைத்த அந்த ஒன்று, கிடைத்த விதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நிகழ்ச்சி முடிந்த சூட்டில் இதை எழுதவில்லை. கடைசிப் போட்டியைத் திரும்பவும் பார்த்தேன். அதன் பிறகு சீனா ஆடிய போட்டிகளையும், அந்த டிசம்பரில் அவர் விடைபெற்றதையும் பார்த்தேன். டென் ஸ்போர்ட்ஸ் காலத்திலிருந்து டபிள்யூடபிள்யூஇ பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பார்த்த ரெஸில்மேனியாக்களில் இவ்வளவு பெரிய எதிர்பார்ப்பை எழுப்பிவிட்டு, இவ்வளவு குறைவாகக் கொடுத்த கடைசிப் போட்டி வேறு இல்லை.

ஏமாற்றத்தின் அளவு புரிய வேண்டுமானால் மார்ச் 1ஆம் தேதி டொராண்டோவுக்குப் போக வேண்டும். ரெஸில்மேனியாவுக்கு முந்தைய பெரிய நிகழ்ச்சியான எலிமினேஷன் சேம்பரின் முடிவு. தன் பக்கம் வந்துவிடு, உன் ஆன்மாவைக் கொடு என்று, மல்யுத்தத்திலிருந்து ஹாலிவுட் போன நட்சத்திரம் ராக் (டுவேன் ஜான்சன்) கேட்டிருந்ததற்குக் கோடி முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். பக்கத்தில் நின்ற சீனா அவரைக் கட்டிப்பிடிக்கிறார். கோடியின் தோளுக்கு மேலே சீனாவின் முகம் மட்டும் தெரிகிறது. எதிரே நிற்கும் ராக், கட்டைவிரலால் தன் கழுத்தை அறுப்பதுபோல் ஒரு சைகை காட்டுகிறார். சீனாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிகிறது. அடுத்த கணம் கோடியின் கவட்டில் ஓர் உதை. 20 வருடங்களுக்கு மேல் நல்லவராகவே நின்றவர், உயிருக்குப் போராடும் குழந்தைகளின் 650க்கும் மேற்பட்ட ஆசைகளை நிறைவேற்றியவர், கண் முன்னே வில்லனாக மாறினார். அந்தச் சில விநாடிகளுக்காக இந்தக் கலையைக் கொண்டாடலாம். வசனமே இல்லாமல், ஒரு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கதையைச் சொல்ல முடிகிறதே!

அதற்குப் பிறகுதான் சறுக்கல். சீனாவை விலைக்கு வாங்கிய ராக், ரெஸில்மேனியா வரையிலான ஏழு வாரங்களில் ஒரு நாள்கூடத் தலைகாட்டவில்லை. சீனா பிரஸ்ஸல்ஸில் பேசினார், கிளாஸ்கோவில் பேசினார், லண்டனில் பேசினார். ரசிகர்களாகிய நீங்கள் இத்தனை வருடம் என்னைப் பாடாய்ப் படுத்தினீர்கள், பட்டத்தை வென்று அதோடு ஓய்வு பெற்று மல்யுத்தத்தையே நாசமாக்குவேன் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். பிரஸ்ஸல்ஸ் பேச்சு உண்மையிலேயே சுட்டது. ஆனால் எந்தப் பேச்சிலும் டொராண்டோவில் எழுந்த கேள்விக்குப் பதில் இல்லை. ராக் ஏன் வந்தார்? சீனாவுக்கு என்ன கொடுத்தார்? கோடியின் ஆன்மா அவருக்கு எதற்கு? கதையைத் தொடங்கியவரே காணாமல் போனபின், மற்றவர்கள் எவ்வளவு பேசினால் என்ன?

1996 ஜூலையில் ஹல்க் ஹோகன் வில்லனாக மாறிய கதையோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. டேடோனா பீச்சில் ஹோகன் துரோகம் செய்த பிறகு எல்லாமே மாறியது. மஞ்சளும் சிவப்பும் போய்க் கறுப்பு வந்தது, தாடியின் நிறம் மாறியது, கூட்டாளிகளும் புதிதாக வந்தார்கள். ரிங்குக்குள் அவர் காட்டிய கோழைத்தனம்கூடப் புதிது. சீனாவிடம் மாறியது பேச்சு மட்டும்தான். மணி அடித்ததும் அவர் ஆடிய ஆட்டத்தில் ஒரு புதிய பிடி, ஒரு புதிய கொடூரம், ஒரு புதிய தந்திரம் என்று எதுவுமே இல்லை.

அந்தப் போட்டி ஏறத்தாழ 25 நிமிடம் நடந்தது. இந்தியாவில் திங்கட்கிழமை விடியற்காலை 4.30க்கு நிகழ்ச்சி தொடங்கியது. நெட்ஃபிளிக்ஸ் வழியாக இந்தியாவுக்கு வந்த முதல் ரெஸில்மேனியா அது. கடைசிப் போட்டி வரும்போது வெளியே நன்றாக விடிந்துவிட்டது. தூக்கத்தைத் தியாகம் செய்தது பற்றி எனக்கு வருத்தமில்லை. ரிங்கில் நடந்ததுதான் வருத்தம். சீனா ஓர் அடி அடிப்பார், நின்று கூட்டத்தைப் பார்ப்பார், ஒரு பிடி போடுவார், மறுபடி நிற்பார். மெதுவாக ஆடுவது தவறில்லை. எதிராளியை அணுஅணுவாகச் சித்திரவதை செய்கிறார் என்ற உணர்வு வந்திருந்தால் அதே வேகம் பயங்கரமாக இருந்திருக்கும். அந்த உணர்வு வரவில்லை. கோடியும், தான் துரோகத்துக்கு ஆளானவன் என்பதையே மறந்ததுபோல் ஆடினார். ரத்தம் சொட்ட டொராண்டோவில் விழுந்து கிடந்த மனிதனுக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும்!

முடிவில் ஒரு பாடல் ஒலித்தது. வந்தவர் ராக் இல்லை. ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட். டொராண்டோவில் ராக்குடன் ஒட்டிக்கொண்டு வந்தவர். கோடியின் வெற்றியைக் கெடுத்தார், கோடி அவரைப் பிடித்து, எதிராளியை வீழ்த்தும் தன் வழக்கமான கிராஸ் ரோட்ஸ் பிடியைப் போட்டார். பிறகு கோடி கையில் பெல்ட். அடிக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறார், மனசாட்சி தடுக்கிறது. சீனா கவட்டில் அடித்து, அதே பெல்ட்டால் தலையில் அடித்து, மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்துவிட்டார். அவ்வளவுதான், சாதனை முறிந்துவிட்டது. கோடி தயங்கும் அந்த ஒரு காட்சி நல்ல யோசனை. ராக் கேட்ட ஆன்மாவைக் கோடி விற்க மறுக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சியாக இருந்திருக்கும். ஆனால் அதைப் பார்க்க வேண்டிய ராக் அங்கே இல்லாதபோது அந்தத் தயக்கத்துக்கு யார் முன்னால் மதிப்பு?

வெளியாள் வந்து போட்டியைக் கெடுப்பதையே நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். முந்தைய வருடம் பிலடெல்பியாவில் நடந்த ரெஸில்மேனியா 40இல் கோடி, ரோமன் ரெய்ன்ஸின் 1,316 நாள் ஆட்சியை முடித்தாரே, அந்தப் போட்டியில் வந்து போனவர்களுக்குக் கணக்கே இல்லை. அங்கே சீனா வந்தார், ராக் வந்தார், அண்டர்டேக்கரும் வந்தார். ஒவ்வொரு வருகைக்கும் அரங்கம் அதிர்ந்தது. காரணம் எளிது: வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய பகை இருந்தது, தீர்க்க வேண்டிய கணக்கு இருந்தது. ஸ்காட்டுக்கும் கோடிக்கும் என்ன கணக்கு? டொராண்டோவில் அறைந்தார் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. ஃபிளேரின் சாதனை முறியும் தருணத்தில், முழுநேர மல்யுத்த வீரர் ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தை ஸ்காட்டுக்குக் கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதே இரவு முதல் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் இரண்டு மடங்காகியிருக்கும். இயோ ஸ்கை, ரியா ரிப்லி, பியான்கா பெலேர் மூவரும் மோதிய பெண்கள் உலகப் பட்டப் போட்டி. ஏறத்தாழ 15 நிமிடம். மார்ச் மாதம் ரியாவிடமிருந்து பட்டத்தை வென்ற இயோவை, மற்ற இருவரின் சண்டைக்கு நடுவே வந்து நிற்பவராகவே பலரும் கருதினார்கள். அந்த அலட்சியத்தையே போட்டியின் கதையாக்கினார்கள். பலத்தில் இருவருமே இயோவை விட மேல். இயோவிடம் இருந்தது வேகமும் காத்திருக்கும் பொறுமையும். கடைசியில் இயோ உச்சிக் கயிற்றிலிருந்து பின்புறமாகப் பாய்ந்து விழுந்து பட்டத்தைக் காத்துக்கொண்டார். மூவரில் யாருடைய மதிப்பும் குறையவில்லை. வெளியாள் யாரும் வரவில்லை. திறமையும் அக்கறையும் அந்த நிறுவனத்தில் தாராளமாக இருக்கின்றன என்பதற்கு அந்த 15 நிமிடமே போதும்.

நடுவில் வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டாமினிக் மிஸ்டீரியோ, உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலையிலுள்ள இன்டர்கான்டினென்டல் பட்டத்தை வென்றபோது எழுந்த ஆரவாரம் மகிழ்ச்சி தந்தது. ஏஜே ஸ்டைல்ஸ் போன்ற மகத்தான வீரரை லோகன் பாலிடம் தோற்க வைத்த போட்டி, வேகமே பிடிக்காமல் முடிந்தது. முதல் நாளின் கடைசிப் போட்டியில் சிஎம் பங்கையும் ரோமனையும் அவர்களின் ஆலோசகர் பால் ஹேமன் ஒருசேரக் கைவிட்டு செத் ராலின்ஸ் பக்கம் போனது, துரோகத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சீனாவுக்கு வயதாகிவிட்டது, அன்று அவருக்கு 48 நிறைய மூன்று நாள்தான் பாக்கி, இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும் என்று நண்பர்கள் சொல்வார்கள். இந்த வாதத்தை ஆகஸ்ட் 3 அன்று சீனாவே உடைத்தார். நியூ ஜெர்சியில் நடந்த, டபிள்யூடபிள்யூஇயின் மற்றொரு பெரிய நிகழ்ச்சியான சம்மர்ஸ்லாமில் அதே கோடியோடு, அதே பட்டத்துக்காக, அரைமணி நேரத்துக்கும் மேலாக ஆடினார். இரண்டு நாள் முன்பு வில்லன் வேடத்தைக் கழற்றி வைத்திருந்தார். மேசைகள் நொறுங்கின, இருவரும் எழுந்து எழுந்து மோதினார்கள், தோற்ற சீனா தன் கையால் பெல்ட்டைக் கோடியிடம் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது. அதே இரண்டு பேர்தான், இடையில் நான்கு மாதம்கூட இல்லை. வயது தடையாக இருந்திருந்தால் இந்தப் போட்டி நடந்தே இருக்காது.

2023இல் ஹைதராபாத் கச்சிபௌலி அரங்கில் செத் ராலின்ஸோடு ஜோடி சேர்ந்து சீனா ஆடியபோது எழுந்த கூச்சலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவரை இங்கே எவ்வளவு பேர் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைக்கிறார்கள் என்று. அந்த அன்புக்கு ஈடான ஒரு 17ஆவது பட்டம் அவருக்கும் கிடைக்கவில்லை, நமக்கும் கிடைக்கவில்லை.

இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. டொராண்டோ நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியையும், பிரஸ்ஸல்ஸ் பேச்சையும் பாருங்கள். ரெஸில்மேனியாவின் இரண்டாம் நாளில் இயோ ஸ்கையின் போட்டியை முழுதாகப் பாருங்கள், டாமினிக் வெல்வதையும் பாருங்கள். பிறகு நேராகச் சம்மர்ஸ்லாமுக்குப் போய்விடுங்கள். நேரம் மிச்சமிருந்தால் அக்டோபரில் பெர்த்தில் சீனாவும் ஏஜே ஸ்டைல்ஸும் ஆடிய போட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாஸ் வேகாஸின் அந்தக் கடைசி 25 நிமிடத்தை நான் மூன்றாம் முறை போட்டுப் பார்க்கப் போவதில்லை.