சீயக்காய், பூந்திக்கொட்டை, உசிலை: தலைக்கு எது, பட்டுக்கு எது, ஆற்றுக்கு எது ஆகாது?

தலைக்குத் தேய்த்துக் குளிக்க எது நல்லது என்று கேட்டால், பலரும் நுரையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். பொங்கிப் பொங்கி நுரைக்கிற பூந்திக்கொட்டைக்கு முதலிடம், அடுத்தது சீயக்காய், நுரையே காட்டாத உசிலைப் பொடிக்குக் கடைசி இடம். என் வரிசை நேர் எதிரானது. தலைக்கு என்றால் பூந்திக்கொட்டைதான் கடைசி. பட்டுச் சேலைக்கும் தங்கச் சங்கிலிக்கும் என்றால் அதை விட்டால் வேறு ஆள் இல்லை.

நெல்லை டவுன் ரத வீதி நாட்டு மருந்துக் கடைகளில் இந்த மூன்றும் கிடைக்கும். சீயக்காய் மலையடிவாரக் காடுகளில் முள்ளோடு ஏறும் கொடி. உசிலை வறண்ட கரிசல், செம்மண் காட்டு மரம். கொங்கு நாட்டில் அரப்பு என்பார்கள், ஆடுகளுக்கும் தழை அதுதான். பூந்தி பெருமரம், அதன் காயில் மேல்தோல்தான் சரக்கு, உள்ளே இருக்கும் கறுப்புக் கொட்டை நுரைக்கு உதவாது.

மூன்றிலும் அழுக்கை எடுப்பது சபோனின் என்ற ஒரே குடும்பத்துப் பொருள்கள். ஒரு சபோனின் மூலக்கூறில் இரண்டு பாகம் உண்டு. கார்பன் வளையங்கள் அடுக்கிய உடல் ஒன்று. அதில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலி இன்னொன்று. உடல் எண்ணெயோடு சேரும், சர்க்கரை தண்ணீரோடு சேரும். எண்ணெய்ப் பிசுக்கை இப்படி இரண்டு பக்கமும் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துப் போவதுதான் மொத்த வேலையும். உடலில் 30 கார்பன் இருந்தால் அது டிரைடெர்பீன் வகை. 27 இருந்தால் ஸ்டீராய்டு வகை. சீயக்காயும் பூந்தியும் முதல் வகை. நம் உளுந்தஞ்சோற்றில் போடுகிற வெந்தயமும், தண்ணீர்விட்டான் கிழங்கும், நெருஞ்சியும் இரண்டாவது வகை.

ஒரே வகை என்றாலும் சீயக்காயும் பூந்தியும் ஒன்றல்ல. பூந்தித் தோலில் உள்ள முக்கியச் சபோனின்களின் உடல் ஹெடராஜெனின். அதில் சர்க்கரை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஒட்டியிருக்கும். சீயக்காயில் அகாசிக் அமிலம் என்ற உடல்; அதில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். சர்க்கரை ஒரே இடத்தில் உள்ள சபோனின்கள் பொதுவாக உயிர்ச் செல்லின் சவ்வைத் தாக்குவதில் கடுமையானவை. இரண்டு இடங்களில் இருந்தால் அந்தக் கடுமை பெரும்பாலும் தணிந்துவிடும். பூந்தித் தண்ணீர் கண்ணில் பட்டவருக்கு இந்தக் கடுமையை விளக்க வேண்டியதில்லை. அதற்காகச் சீயக்காய் சாது என்று நினைத்துவிடக் கூடாது. மில்லில் சீயக்காய் அரைக்கும்போது வாசலில் நிற்கிறவரும் தும்முவார். மூக்கின் ஈரச் சவ்வில் அந்தத் தூள் பட்டாலே எரிச்சல்தான். சீயக்காய்க்கென்று தனி மெஷின் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துப் போவது நல்லது.

நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர்தான் முதல் பிரச்சினை. தாமிரபரணித் தண்ணீரில் எந்தச் சோப்பும் நுரைக்கும். ஆற்றுத் தண்ணீர் எட்டாமல் உப்புத்தண்ணி போரை நம்பியிருக்கும் ஊர்களில் சோப்பு திரிந்துபோகும். சோப்பில் உள்ள கொழுப்பு அமில உப்பு, தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகி, தலையிலும் வாளி ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். சபோனின் அப்படித் திரியாது. வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு பாட்டிலில் போர்த் தண்ணீரை எடுத்து, ஒன்றில் சோப்புச் சீவல், மற்றொன்றில் ஊறவைத்த பூந்தித் தோல் போட்டுக் குலுக்குங்கள். சோப்புப் பாட்டிலில் தயிர் திரிந்ததுபோல் மிதக்கும். பூந்திப் பாட்டிலில் கழுத்து வரை நுரை ஏறி, பத்து நிமிடம் ஆனாலும் அமராமல் நிற்கும். ஒரு செடியில் சபோனின் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் செய்கிற முதல் சோதனையும் இதேதான்.

சோப்பின் இன்னொரு குறை காரத்தன்மை. அதன் பி.எச். (அமில, கார அளவு; 7 நடுநிலை) 9 முதல் 10 வரை போகும். மண்டைத்தோல் 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை உடையது. சீயக்காய்க் கரைசலும் அமிலப் பக்கம்தான் நிற்கும். அதனால் முடியின் மேல் செதில்கள் விரியாமல் படிந்தே இருக்கும், சிக்கும் குறையும்.

இனி தலைக்கு வருவோம். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் சீயக்காய்க்கு ஈடு இல்லை. எண்ணெயை எடுக்கும், முழுக்கத் துடைத்துவிடாது. நம் ஆச்சிமார் அதோடு வெந்தயம், பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு சேர்த்து அரைத்ததற்குக் காரணம் வாசனை மட்டும் இல்லை. வெந்தயத்தின் வழவழப்பு முடிமேல் படிந்து, சபோனின் விட்டுப்போகும் வறட்சியைச் சரிக்கட்டுகிறது. எண்ணெய் வைக்காத நாளில், வறண்ட தலைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உசிலைதான் என் தேர்வு. இலையின் கொழகொழப்பே பாதி வேலையைப் பார்த்துவிடும். நுரை வராததால் இது சுத்தம் செய்யாது என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை அலசி, முடி காய்ந்த பிறகு தொட்டுப் பார்க்கட்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது மூன்றுக்கும் பொது. பூந்தியைத் தனியாகத் தலைக்குப் போடாதீர்கள், முடி வைக்கோலாகிவிடும். சீயக்காயோடு நாலைந்து தோல் கலந்தால் போதும். ‘சீயக்காய்’ என்று பெயர் போட்ட ஷாம்புகளை வாங்குமுன் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் தண்ணீருக்கு அடுத்த பெயர் சோடியம் லாரெத் சல்பேட் என்ற செயற்கை நுரைப்பொருள்.

துணியில் கணக்கு மாறுகிறது. பட்டும் கம்பளியும் புரதம். காரம் பட்டால் நைந்துபோகும், பளபளப்பும் மங்கும். பூந்திக்குக் கடுமை உண்டு, காரம் இல்லை. தோலை ராத்திரி ஊறவைத்து, காலையில் கசக்கி, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் பட்டுச் சேலையை முக்கி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். நகைப் பட்டறையில் பார்த்தால் ஒரு கிண்ணத்தில் கலங்கலான பழுப்புத் தண்ணீர், பக்கத்தில் மெல்லிய பிரஷ் இருக்கும். சங்கிலிக் கண்ணிகளின் இடுக்கில் சேர்ந்த வியர்வைப் பிசுக்கை அது கழற்றிக் கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சீயக்காயில் இதைச் செய்தால் தூள் இடுக்கில் தங்கும், துணியில் கறையும் ஏறும்.

உயிரினங்களிடம் வரும்போது இந்தப் பொருள்களின் மறுபக்கம் தெரிகிறது. சபோனினுக்குக் கொலஸ்ட்ராலோடு தீராத ஒட்டுதல். நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் உண்டு. சபோனின் அதைப் பிடித்துச் சவ்வில் ஓட்டை போடும். சிவப்பணுக்களோடு கலந்தால் அவை உடைந்து ஹீமோகுளோபின் வெளியே கசியும். வாயால் சாப்பிட்டால் அவ்வளவு ஆபத்து இல்லாததற்குக் காரணம், குடல் இதை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பதுதான். ஆனாலும் பூந்தியைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். இருமலுக்குச் சப்பும் அதிமதுரத்திலும் கிளிசிரைசின் என்ற சபோனின் இருக்கிறது. அதை நாள்கணக்கில் அதிகம் எடுத்தால் உடலில் உப்பு தங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

ஓட்டை போடும் இந்தக் குணத்தையே மருத்துவம் வேலைக்கு வைத்திருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பூந்திச் சபோனினைக் கொண்டு கான்சாப் என்ற கருத்தடைக் களிம்பை உருவாக்கியது. விந்தணுவின் சவ்வை உடைப்பதே அதன் வழி. சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையின் சபோனின், உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் துணைப்பொருளாகத் தடுப்பூசிகளில் சேர்கிறது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கித் தடுப்பூசியில் அது உண்டு. புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும், உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்த ஆர்21 மலேரியாத் தடுப்பூசியிலும் உண்டு. அந்த அக்கி ஊசியில் சபோனினை நேராகப் போடுவதில்லை. கொலஸ்ட்ரால் கலந்த கொழுப்புக் குமிழியில் சேர்த்துத்தான் போடுகிறார்கள். ஓட்டை போடத் தேடும் பொருளை முன்னாலேயே கையில் கொடுத்து அமர்த்திவிடுகிற உபாயம் அது.

சபோனினை உள்ளே விடாமல் நம் குடல் தருகிற பாதுகாப்பு மீனுக்கு இல்லை. அதன் செவுள் தண்ணீரோடு நேரடித் தொடர்பில் இருக்கும் மெல்லிய சவ்வு. சபோனின் அங்கேதான் தாக்கும், மீன் மூச்சு முட்டிச் சாகும். மருக்காரைக் காயை இடித்துக் குட்டையில் கலக்கி மீன் பிடித்ததும், இறால் பண்ணைகளில் வேண்டாத மீனை ஒழிக்கத் தேயிலை விதைப் புண்ணாக்கு போடுவதும் இதை வைத்துத்தான். அதே அளவை இறால் தாங்கிக்கொள்ளும்.

ஆகவே குறுக்குத்துறையிலோ பாபநாசத்திலோ படித்துறையில் உட்கார்ந்து, ‘இது சோப்பு இல்லையே, சீயக்காய்தானே’ என்று ஆற்றிலேயே அலசுவதை நான் ஏற்கமாட்டேன். சபோனின் நாளடைவில் மட்கிப்போகும், உண்மைதான். பெருக்கெடுத்து ஓடும் தண்ணீரில் நீர்த்தும் போகும். கோடையில் ஓட்டம் நின்று கசம் கசமாகத் தண்ணீர் தேங்கும்போது, மீன்களெல்லாம் ஒதுங்கி நிற்பது அந்தக் கசத்தில்தான். பூந்தியில் துணி அலச வேண்டாத இடமும் அதுதான். கரையேறி, வாளியில் மொண்டு குளியுங்கள். வீட்டில் என்றால் கழுவின தண்ணீரைத் தென்னை மூட்டுக்கு விடலாம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும்.