பழ ஈக்குப் பொறியா, பையா, தெளிப்பா?

மா, கொய்யா, பாகல், புடல் எதுவானாலும், பழ ஈக்கு ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் அது பெண் ஈயைத் தடுக்குமா என்று பாருங்கள். தோலுக்கு அடியில் முட்டை வைப்பது பெண் ஈதான். முட்டை உள்ளே போய்விட்டால், மேலே அடிக்கும் பெரும்பாலான மருந்துகள் புழுவை எட்டுவதே இல்லை.

இனக்கவர்ச்சிப் பொறியில் ஈக்கள் குவிந்து கிடந்தால் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் சிக்கியவை ஏறக்குறைய எல்லாமே ஆண்கள். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், வட்டாரத்து ஆண்களில் பெரும்பங்கு ஒழிந்தால்தான் முட்டை குறையும். பசிபிக்கின் ரோட்டா தீவில் 1960களில், ஆண் ஈயை மணத்தால் இழுக்கும் மெத்தில் யூஜினாலையும் பூச்சிக்கொல்லியையும் ஊறவைத்த துண்டுகளை விமானத்திலிருந்து போட்டுப் பழ ஈயை ஒழித்தார்கள், சரி, அது கடல் சூழ்ந்த இடம். உங்கள் தோட்டத்துக்கு வேலி தாண்டிப் புது ஈ வந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, மெத்தில் யூஜினால் மா, கொய்யாவைத் தாக்கும் ஈக்கு. பாகல், புடலைத் தாக்கும் ஈக்குக் கியூ லூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும், மாற்றிக் கட்டினால் பொறி சும்மா தொங்கும். ஈ எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ளப் பொறி நல்லது, அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சில மரங்களோ ஒரு சின்னப் பந்தலோ என்றால் என் ஓட்டு பைக்குத்தான். ஈ காயைத் தொடவே முடியாது, மருந்தும் வேண்டாம். கொடிக்காய்களில் மகரந்தச் சேர்க்கை முடிந்து பிஞ்சு பிடித்ததும் கட்ட வேண்டும். தாமதித்தால் உள்ளே இருக்கும் புழுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. காகிதம், துணி நல்லது. துளையில்லாத பிளாஸ்டிக்கில் ஈரம் கோத்துக் காய் அழுகும். வேலைதான் அதிகம், பெரிய பரப்புக்குக் கட்டுப்படியாகாது.

அங்கே புரதக் கவர்ச்சி உணவு. முட்டை முதிரப் பெண் ஈக்குப் புரதம் தேவை, அந்தப் பசியைத்தான் இது பிடிக்கிறது. ஸ்பினோசாட் போன்ற மருந்து கலந்து இலைகளில் அங்கங்கே தெளித்தால் போதும், தோட்டம் முழுக்க நனைக்க வேண்டாம். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டியதுதான்.

முழுத் தெளிப்பை நான் கடைசியில் வைப்பேன். நன்மை செய்யும் குளவிகளும் சேர்ந்து சாகும், அறுவடை நெருங்கும்போது எச்சமும் சிக்கல்.

எதைச் செய்தாலும் விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்குங்கள். புழு அதிலிருந்து வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். உரக்குழியில் வீசாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் போடுங்கள்.