தலைவர் வாழ்ந்த வீடு: வர்த்தமானியா, பெயர்ப்பலகையா?

கொழும்பில் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் வாழ்ந்த பழைய வீட்டை நினைவாகக் காக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சுவரில் பெயர்ப்பலகை. செலவு குறைவு, வீட்டுக்காரருக்கும் தொந்தரவில்லை. ஆனால் வீடு கைமாறி மதில் இடிபட்டால் பலகையும் போய்விடும்.

மற்றது, 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரச அறிவித்தல் இதழான வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிப்பது. பிறகு அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ முடியாது. குடியிருப்பவர்களுக்கு இது பாரம்தான். ஒழுகும் கூரை ஓடு ஒன்றை மாற்றவும் கடிதம் எழுத வேண்டிவரலாம். அந்தச் செலவில் அரசும் பங்கெடுக்க வேண்டும்.

இருந்தும் என் மனம் இரண்டாவதன் பக்கமே. கொழும்புத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவை எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கம், 1923இல் பொது வேலைநிறுத்தம், 1929இல் டிராம் வேலைநிறுத்தம். மலையகத் தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய நம்முடைய கோ. நடேசய்யரும் அவரோடு சேர்ந்து உழைத்தவர். அதே குணசிங்கதான் 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். பலகையின் இரண்டு வரியில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும்தான் அடங்கும். விறாந்தையும் அறைகளும் நின்றால், துறைமுகத் தொழிலாளியின் பேரப்பிள்ளை உள்ளே போய் முழுக்கதையையும் கேட்கலாம், அந்தக் கசப்பையும் சேர்த்து.