இஸ்ஸா, ஆரா? ஒரே உத்தியோடு மூன்று வருடம்

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு இரண்டு முறை, வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ இரண்டு முறை, போன வருடம் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் ஒரு முறை. இத்தனையிலும் நான் விடாமல் கையில் வைத்திருந்த ஒரு உத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் பொருத்தம் பார்க்கும் பாடம், நம் பசங்க 'எஸ்விஏ' என்று சொல்வது, அதற்கானது.

முதலில் பழைய கதை. நான் போன கோச்சிங் சென்டரில் இதற்கென்று 32 விதிகள் கொண்ட ஜெராக்ஸ் நோட்ஸ் கொடுத்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்தேன். ஆனால் நான் எழுதிய சிஜிஎல் முதல் கட்டத்தில் 60 நிமிடத்துக்கு 100 கேள்வி. அதாவது ஒரு கேள்விக்கு 36 நொடி. தப்பாகப் போட்டால் 0.50 மதிப்பெண் போய்விடும். அந்த 36 நொடியில் 32 விதியையும் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

மாக் டெஸ்ட்டில், அதாவது மாதிரித் தேர்வில், விட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே ரகம். 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் வேர் நாட் குட்' என்று இருக்கும். தப்பு எங்கே என்று கேட்டிருப்பார்கள், நான் 'நோ எரர்' போட்டிருப்பேன். எழுவாய் 'குவாலிட்டி', ஒருமை; 'வாஸ்' வர வேண்டும். விதி தெரியாமல் இல்லை. 'மேங்கோஸ்' பக்கத்தில் 'வேர்' வந்ததும் காதுக்கு எல்லாம் சரியாகப் பட்டுவிடும், அவ்வளவுதான்.

ஏன் என்று யோசித்தபோது கிடைத்ததுதான் இந்த உத்தி. 'மாம்பழங்களின் தரம்' என்று தமிழில் சொல்கிறோம். முக்கியமான சொல் கடைசியில் வருகிறது. நம் ஊர்க் கோயில் புறப்பாடு மாதிரி மேளம் முன்னால் போகும், சாமி பின்னால் வரும். ஆங்கிலத்தில் சாமி முதலிலேயே போய்விடுகிறது; நாம் பின்னால் வருகிற மேளத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறோம். ஆகவே வாக்கியத்தின் எழுவாய்ப் பகுதியை மட்டும் மனதுக்குள் தமிழாக்கு, அதில் கடைசியாக நிற்கும் பெயர் ஒருமையா பன்மையா என்று பார். உத்தி இவ்வளவுதான்.

'தி நம்பர் ஆஃப் ஆக்சிடென்ட்ஸ்' என்றால் விபத்துகளின் எண்ணிக்கை. கடைசியில் எண்ணிக்கை, ஒருமை, 'ஹேஸ்'. 'எ நம்பர் ஆஃப் ஆக்சிடென்ட்ஸ்' என்றால் பல விபத்துகள், 'ஹேவ்'. 'தி மினிஸ்டர் அலாங் வித் ஹிஸ் ஆஃபிசர்ஸ்' என்பது அதிகாரிகளோடு அமைச்சர். அமைச்சர் ஒருவர்தான், 'இஸ்'. நோட்ஸில் இவை மூன்றும் மூன்று தனி விதிகள்.

நானே எதிர்பார்க்காத இடத்திலும் இது கைகொடுத்தது. 'ஹி இஸ் ஒன் ஆஃப் தோஸ் பாய்ஸ் ஹூ ஹேஸ் பாஸ்ட்' என்ற கேள்வியில் வகுப்பே சண்டை போடும். ஒன் என்று இருக்கிறதே, ஹேஸ்தானே? தமிழில் சொல்லிப் பாருங்கள்: தேறிய பையன்களில் அவன் ஒருவன். 'தேறிய' ஒட்டிக்கொண்டிருப்பது பையன்களோடு. எனவே 'ஹேவ்'.

சரி, குறைக்கு வருவோம். முதல் மாதம் வேகம் படுத்துவிட்டது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் ஆனது, மாக் மதிப்பெண் இறங்கியது, விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நான்காவது மாதம்வாக்கில்தான் தமிழாக்காமலே கண் நேராக எழுவாய்க்குப் போகத் தொடங்கியது. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் இதைத் தொடாதீர்கள்.

அப்புறம், சில இடங்களில் தமிழே காலை வாரிவிடும். 'ஈச் ஆஃப் தி பாய்ஸ்' ஆங்கிலத்தில் ஒருமை. நாமோ 'ஒவ்வொருவரும் வந்தார்கள்' என்போம். 'நெய்தர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ்' வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைத்தான் பார்க்க வேண்டும், இத்தனை நாள் எதைப் பார்க்காதே என்று பழகினேனோ அதையே. 'போலீஸ்' எப்போதும் 'ஆர்', 'நியூஸ்' எப்போதும் 'இஸ்', 'ஃபர்னிச்சர்' பன்மையே ஆகாது. பள்ளியில் படித்த வழுவமைதிதான் ஞாபகம் வந்தது. இலக்கணப்படி வழு, ஆனாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அங்கேயும் ஒரு பட்டியல் உண்டே. அப்படி எட்டு வரியை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன். 32 விதியில் எனக்கு உண்மையாகவே தேவைப்பட்டது இந்த எட்டுதான்.

ஐஇஎல்டிஎஸ்தான் பெரிய ஏமாற்றம். அங்கே யாரோ செய்த தப்பைக் கண்டுபிடிக்கும் வேலை இல்லை, நாமே செய்வோம். எழுத்துத் தேர்வில் இலக்கணத்துக்கு மட்டும் கால்வாசி மதிப்பெண். கட்டுரையில் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, ஒவ்வொரு வினையாக அதன் எழுவாயைத் தேடிப் பார்த்தேன். அந்த அளவுக்கு உத்தி உதவியது. பேச்சுத் தேர்வில் ஒன்றும் நடக்கவில்லை. 'மை ப்ரதர் லிவ் இன் சென்னை' என்று என் வாயே சொன்னது, என் காதே கேட்டது. அஃறிணையில் இன்னும் மோசம். எழுதும்போது 'மாடுகள் மேய்ந்தன' என்போம், பேசும்போது 'மாடெல்லாம் மேஞ்சுச்சு'தான். பலவின்பாலைப் பேச்சில் எப்போதோ தொலைத்துவிட்ட வாய், 'தி புக்ஸ் இஸ்' என்பதற்கு எங்கே கூச்சப்படப் போகிறது? இதற்கு உத்தி கிடையாது. தினமும் பத்து நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து, திரும்பக் கேட்டுத்தான் ஓரளவு குறைத்தேன். இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஐந்துக்கு எவ்வளவு கொடுப்பாய் என்றால், எஸ்எஸ்சிக்கு நாலரை, வங்கித் தேர்வுக்கு நாலு, ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு இரண்டு.

அந்த எட்டு வரித் தாள் இப்போது என் தங்கையிடம் இருக்கிறது. இந்த முறை அவள் சிஜிஎல் எழுதுகிறாள். போன வாரம் வந்து, "அண்ணா, 'மோர் தென் ஒன் ஸ்டூடன்ட்' உன் முறைப்படி ஒன்றுக்கு மேற்பட்ட மாணவர்கள்தானே? 'ஹேவ்' போட்டேன், தப்புன்னு வருது" என்றாள். ஆமாம், அங்கே 'ஹேஸ்'தான். தாளை வாங்கி ஒன்பதாவது வரியாக எழுதிக் கொடுத்தேன்.