பெகாசஸ்: பதினான்கு பழைய கணினிகளில் ஒரு வருடம்

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் சேர்வராயன் மலை நேரே தெரியும். மார்ச் மாதம் சில ராத்திரிகளில் சரிவில் ஒரு சிவப்புக் கோடு ஊர்ந்து போகும். காட்டுத்தீ. மறுநாள் புகைமூட்டம், அதற்கு மறுநாள் எல்லோருக்கும் மறந்துவிடும். எந்தச் சரிவு எத்தனை தடவை எரிந்திருக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்துப் பார்ப்போமே என்ற ஆசையில்தான் பெகாசஸ் என்ற இந்த மென்பொருளுக்குள் போய் விழுந்தேன். நூற்றுக்கணக்கான வேலைகளை வரிசைப்படுத்திப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஓட்டுவது இது.

நான் சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். ஆராய்ச்சியாளர் இல்லை. என்னிடம் இருப்பது 14 கணினிகள், ஒவ்வொன்றிலும் 8 ஜிபி நினைவகம், எல்லாவற்றிலும் உபுண்டு லினக்ஸ் இயங்குதளம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். எரிந்த இடத்தைக் காட்டும் அகச்சிவப்பு அலைவரிசை 20 மீட்டருக்கு ஒரு புள்ளி தருகிறது, எனக்கு அது போதும். நான் எடுத்துக்கொண்ட ஏழு கோடைகளுக்கும் சேர்த்து, மேகம் அதிகமிருந்ததைத் தள்ளிவிட்டு, 212 படம் தேறியது. ஒவ்வொன்றையும் அதன் சுருக்கிய சிப் (zip) கோப்பிலிருந்து பிரிக்க வேண்டும், மேகத்தை மறைக்க வேண்டும், மலையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும், எவ்வளவு கருகியிருக்கிறது என்று சொல்லும் எரிவுக் குறியீட்டு எண் போட வேண்டும், மலை நிழலைக் கழிக்க வேண்டும். நிழல்தான் பெரிய தொல்லை. பிப்ரவரி காலையில் மேற்குச் சரிவின் நிழல் கருகிய காடு மாதிரியே தெரியும்.

முதலில் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதி ஒரே கணினியில் ஓட்டினேன். பாதியில் நின்றால் எதுவரை முடிந்தது என்று கோப்புறையைத் திறந்து எண்ண வேண்டும். அப்புறம் ஒரு வாடகைக் கணினிச் சேவையில் போட்டுப் பார்த்தேன். வேலை முடிந்ததும் அணைக்க மறந்துவிட்டேன். அந்த பில்லைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு வருகிறது. அதற்குப் பிறகுதான் பெகாசஸுக்கு வந்தேன்.

சிவதாபுரத்தில் என் மாமா வெள்ளிக் கொலுசு செய்விக்கிறவர். 'செய்கிறவர்' என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் ஒரு கொலுசு ஒரே வீட்டில் முடிவதில்லை. கம்பி இழுப்பது ஒரு வீடு, சலங்கை செய்வது இன்னொரு வீடு, பற்றவைப்பது வேறொரு பட்டறை, மெருகு போடுவது வேறொருவர். மாமா கையில் ஒரு சிட்டை நோட்டு இருக்கும். யாரிடம் எத்தனை கிராம் கொடுத்தோம், எத்தனை கிராம் திரும்பி வந்தது, என்றைக்கு. முந்தைய வீட்டு வேலை முடியாமல் அடுத்த வீட்டுக்குச் சரக்கு போகாது. பெகாசஸ் என்ன செய்கிறது என்று மாமா ஒருநாள் கேட்டபோது, "உங்க நோட்டுதான் மாமா, நானே எழுதாம அதுவே எழுதிக்குது" என்றேன். "அப்படின்னா எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு கண்ணு" என்றார்.

பெகாசஸைக் கட்டியவர் ஈவா டீல்மன். அமெரிக்காவில் ரென்சலேர் கல்லூரியில் 1997-ல் முனைவர் பட்டம். அப்போது அவர் எடுத்துக்கொண்டது லைம் நோய் காட்டில் எப்படிப் பரவுகிறது என்பதைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டிப் பார்ப்பது. உண்ணியையும் எலியையும் கணினிக்குள் ஓடவிட்டவர் என்று தெரிந்ததும் எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. 2000-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்குப் போனார். 2001-ல் பெகாசஸ் தொடங்கியது. இத்தனை வருடமும் அதே கருவியோடு இருக்கிறார். மூன்று வருடத்துக்கு ஒரு தலைப்பு மாற்றுகிற துறையில் இது அபூர்வம். 2015 செப்டம்பர் 14-ல் அமெரிக்காவின் லைகோ (LIGO) ஆய்வுக் கருவிகளில் முதல்முறையாக ஈர்ப்பலை, அதாவது கருந்துளை மோதல் மாதிரி நிகழ்வுகள் விண்வெளியில் எழுப்பும் அதிர்வு, பதிவானதே, அந்தத் தரவை அலசிய வேலைகளில் ஒரு பகுதி பெகாசஸ் வழியாகத்தான் ஓடியது. 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதியதைக் கணக்குப் போட்ட அதே நிரல் எங்கள் ஆய்வகத்தில் ஏற்காடு அடிவாரத்துப் புல்லைக் கணக்குப் போடுகிறது. விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்: இலவசம்.

எந்த வேலைக்கு எந்தக் கோப்பு வேண்டும், எது வெளியே வரும் என்று பைதான் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தால் போதும். எந்தக் கணினியில், எப்போது என்று நான் எழுதுவதில்லை. அதைத் திட்டமிடுவது பெகாசஸ். கோப்புகளை அனுப்புவது, திரும்பக் கொண்டுவருவது, தேவை முடிந்த இடைக்கோப்புகளை அழிப்பது எல்லாவற்றையும் அதுவே நடுவில் சொருகிக்கொள்ளும். கீழே நின்று உண்மையில் வேலை வாங்குவது எச்டிகாண்டர் (HTCondor) என்ற இன்னொரு மென்பொருள், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மிரன் லிவ்னி குழு 1980-களில் தொடங்கியது. சும்மா கிடக்கும் கணினிகளைப் பிடித்து வேலை கொடுப்பதுதான் அதன் பிழைப்பு. கணினி தன் தகுதியைச் சொல்லி ஒரு வரி விளம்பரம் கொடுக்கும், வேலை தன் தேவையைச் சொல்லி இன்னொன்று கொடுக்கும், நடுவில் ஒரு தரகர் பொருத்தம் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மணமாலை பக்கம் மாதிரியேதான். 15 நிமிடம் யாரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால் அந்தக் கணினி காலி என்று அர்த்தம். மாணவர் வந்து உட்கார்ந்தால் வேலை ஒதுங்கிக்கொள்ளும்.

சரி, எங்கள் ஆய்வகத்தில் எப்படி நடந்தது? நான் எழுதியது 1,061 வேலை. இரண்டாவது நாள் மாதாந்திர மின்தடை வந்தது. யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது, அப்புறம் எல்லாம் இருட்டு. சாயங்காலம் கரண்ட் வந்து கணினிகளை ஆன் செய்ததோடு சரி, வேறெதுவும் செய்யவில்லை. வரிசை முழுக்க வட்டில் எழுதப்பட்டிருந்ததால், முடிந்ததை விட்டுவிட்டு மீதியைத் தானே எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை பார்த்தால் 1,045 முடிந்திருந்தது. மூன்று தோல்வி, அவை முடியாததால் 13 காத்துக்கொண்டிருந்தன. பெகாசஸ்-அனலைசர் என்ற கட்டளையைக் கொடுத்தேன். எந்த மூன்று, எந்தக் கணினி, என்ன பிழை என்று கொட்டியது. மூன்றுமே பாதியில் அறுந்த சிப் கோப்புகள். நான் இறக்கும்போதே இணையம் போயிருக்கிறது, கவனிக்கவில்லை. மறுபடி இறக்கி அதே பெயரில் அதே இடத்தில் வைத்து ஓட்டினேன். அந்த 16 மட்டும்தான் ஓடியது. பழைய ஸ்கிரிப்ட் காலத்தில் இதற்கு ஒரு நாள் முழுக்கப் போயிருக்கும்.

ஆனால் என்னை வசப்படுத்தியது வேறு. ஒவ்வொரு வேலையும் எங்கே ஓடியது, எத்தனை வினாடி ஆனது என்று ஒரு குறிப்பு விழுகிறது. பெகாசஸ்-ஸ்டாடிஸ்டிக்ஸ் போட்டுக் கணினிவாரியாகப் பார்த்தேன். ஒன்பதாம் எண் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நேரம். எல்லாம் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல். ஆய்வக உதவியாளர் அண்ணா வந்து பெட்டியைத் திறந்தார். விசிறி முழுக்கத் தூசி, அதற்கடியில் பல்லி முட்டை ஓடு இரண்டு. சூடாகிச் சூடாகி மெதுவாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, எத்தனை வருடமாகவோ. எந்த மாணவரும் புகார் சொன்னதில்லை. எந்த வீட்டில் வெள்ளி குறைகிறது என்று மாமா கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான்.

குறைகளும் உண்டு. முதலில் எச்டிகாண்டர் நிறுவ வேண்டும், அதுவே ஒரு தனிப் பாடம். கோப்புகள் எங்கே, நிரல்கள் எங்கே, கணினிகள் எங்கே என்று மூன்று பட்டியல்கள். இவற்றின் வித்தியாசம் மண்டையில் ஏற எனக்கு ஒரு வாரம் ஆனது. 2020-ல் வந்த 5.0 பதிப்புக்குப் பிறகு பைதானும் யாமல் (YAML) என்ற எளிய எழுத்துவடிவமும் போதும், அதற்கு முன் எக்ஸ்எம்எல் (XML) என்ற சிக்கலான வடிவத்தில் எழுதியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. விண்டோஸ் மட்டும் உள்ள ஆய்வகம் என்றால் இப்போதே விட்டுவிடுங்கள். ஐந்து வினாடியில் முடியும் குட்டி வேலைகளுக்கு ஏற்றி இறக்கும் கூலியே அதிகம், அவற்றைக் கட்டாகக் கட்டி அனுப்பும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். இருபது முப்பது கோப்புதான், ஒரே கணினிதான் என்றால் ஸ்நேக்மேக் (Snakemake) என்ற எளிய கருவி போதும். அம்மியில் அரைக்க வேண்டியதற்கு மில்லுக்குப் போக வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்த முதல் வாரத்துக்கு.

வரும் மாதம் மலையடிவாரத்தில் நான்கைந்து இடங்களுக்கு நேரில் நடந்து போய், நான் எரிவு என்று குறித்தது நிழலா சாம்பலா என்று பார்க்க வேண்டும். அதற்குள் நிழல் கழிக்கும் நிரலை மாற்றி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுகிறேன். இப்போது மணி 5:15. ஐந்து மணிக்குப் பசங்கள் கிளம்பிவிட்டார்கள். முதல் வரிசை விசிறிகள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டன, ஒன்பதாம் எண்ணும் சேர்த்து.