சன்னியை மெதனோலுக்கு மாற்றினேன்: மட்டக்களப்பு கராஜ் வேலை எப்படி?

மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வண்டி நிசான் சன்னி பி310, உள்ளே ஏ12 இஞ்சின், 1171 சிசி. மண் பாதையில் ஓட்டவென்றே வைத்திருக்கிறேன், வீதிக்கு எடுப்பதில்லை. அதைப் பெற்றோலிலிருந்து மெதனோல் என்ற ஒரு வகை அற்ககோலுக்கு மாற்றும் வேலையைக் கல்லடிப் பக்கம் ஒரு கராஜில் கொடுத்தேன். குறையும் சொல்ல இருப்பதால் பெயரைப் போடவில்லை.

காற்றையும் எரிபொருளையும் கலக்கும் காபரேட்டர் வேலையில் அந்தக் கராஜ் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. 1 கிலோ பெற்றோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், மெதனோலுக்கு 6.4 கிலோ போதும். அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் போக வேண்டும் என்றுதான் இதற்கு அர்த்தம். சிலர் உடனே, எரிபொருளை அளந்து விடும் ஜெட்டின் துளை விட்டத்தை இரட்டிப்பாக்கிவிடுவார்கள். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும், இஞ்சின் மூச்சுமுட்டும். அவர் 1.20 மில்லிமீற்றர் மெயின் ஜெட்டை 1.75க்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓட்டி ஓட்டித் திருத்தினார். ஊசி வால்வு, பம்ப், டாங்கிக் குழாய் எல்லாவற்றையும் அதற்கேற்பப் பெரிதாக்கினார். "ஜெட் பெரிசு, குழாய் சின்னன் எண்டா நேர் பாதையில நடுவில எரிபொருள் பத்தாம காஞ்சிரும் தம்பி, பிஸ்டன்ல ஓட்டை விழும்" என்றார். சரியான பேச்சு.

ஹெட்டைச் சீவி, மேடுள்ள பிஸ்டன் போட்டு, கம்ப்ரெஷனை, அதாவது கலவையை அமுக்கும் விகிதத்தை, 9இலிருந்து 12.5க்கு ஏற்றினார். பெற்றோலில் இழுத்து ஓட்டினால் கலவை தானாக வெடித்து இஞ்சின் தட்டத் தொடங்கிவிடும். மெதனோல் தாங்குகிறது, இழுவை நன்றாகவே கூடியிருக்கிறது.

முதல் ஓட்டத்தை மறக்க மாட்டேன். செங்கலடிப் பக்கம் ஒரு தனியார் காணி, உச்சி வெயில். பத்துச் சுற்று ஓடிவிட்டு பொனட்டைத் திறந்தால் இன்டேக் மேனிஃபோல்ட் முழுக்க முத்து முத்தாய்த் தண்ணீர். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி இருந்தது. விரலை வைத்தேன், சில்லென்றது. மெதனோல் ஆவியாகும்போது பெற்றோலைவிட மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. ரேடியேட்டர் முள்ளும் முன்னைப்போல ஏறவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். பணம் கொடுத்து வண்டியை எடுத்தபோது, ஓடி முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வாரம் அப்படியே நிறுத்தினேன். திரும்ப எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. காபரேட்டர் மிதவை அறையைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் வெள்ளைக் கூழ், அலுமினியம் அரித்துப் பூத்திருந்தது. மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், வாவிக் காற்றடிக்கும் நம்மூரில் கேட்கவே வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் மெதனோலை வடித்துவிட்டு, பெற்றோலில் சில நிமிடம் ஓட விட்டு நிறுத்தியிருந்தால் இது வந்திருக்காது. பம்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் பழைய ரப்பர் ஹோசையும் மாற்றாமல் விட்டிருந்தார்கள், அது ஊறி மெதுமெதுவென்றாகிவிட்டது. வெடித்திருந்தால்? போய்ச் சொன்னதும் ஹோசையும் கேஸ்கட்டையும் காசில்லாமல் மாற்றித் தந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஒயிலில் மெதனோல் இறங்கிப் பால் மாதிரியாகும் என்பதையும் நானே கண்டுபிடித்தேன். இப்போது ஒவ்வொரு ஓட்ட நாளுக்கும் பிறகு ஒயில் மாற்றுகிறேன்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது தீ விஷயத்தில்தான். பகல் வெளிச்சத்தில் மெதனோல் எரிவது கண்ணுக்குத் தெரியாது, புகையும் இல்லை. 1964இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் கார் பந்தயத்தில் பெற்றோல் தீயில் இருவர் இறந்த பிறகுதான் அங்கே மெதனோலுக்கு மாறினார்கள். தண்ணீரால் அணைக்கலாம் என்பது அதன் நன்மை. ஆனால் 1981இல் அதே இடத்தில் பந்தய ஓட்டுநர் ரிக் மியர்ஸ் மேல் தீப்பிடித்தபோது, சுற்றி நின்றவர்களுக்கு அவர் எரிவது உடனே தெரியவில்லை. இதை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. நான் இரண்டு வாளி தண்ணீர் வைக்காமல் டாங்கி மூடியைத் திறப்பதில்லை, கையுறையும் கழற்றுவதில்லை. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், கண் பார்வையைப் பறிக்கும் நஞ்சு அது. வீட்டில் பீப்பாவில் "விஷம்" என்று பெரிதாக எழுதிப் பூட்டி வையுங்கள். கசிப்பு என்று நினைத்து யாராவது வாயில் வைத்துவிட்டால் காப்பாற்றுவது பெரும்பாடு.

நம்ம அம்பாறையில் ஹிங்குராணை சீனித் தொழிற்சாலை இருக்கிறதே, எதனோல் எடுக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எதனோல் மதுவில் இருக்கும் அற்ககோல், மதுவரிச் சட்டத்துக்குள் வரும் சரக்கு, நினைத்தபடி வாங்க முடியாது. மெதனோலைக் கொழும்பில் இரசாயனக் கடையில் பில்லோடு வாங்குகிறேன். பந்தயத்துக்கு எடுக்கும் எண்ணமிருந்தால், எரிபொருள் விதி என்னவென்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கூலி 85,000 ரூபா, பிஸ்டன் தனி. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்த மாதம் தம்பியின் வண்டியையும் அங்கேதான் விடப்போகிறோம். ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இந்த முறை பணம் கொடுப்போம்.