டிவி தெரியுது, நெட் ஏன் வரலை? கேபிள் மோடத்தோடு சில வருடங்கள்

கேபிள் இணையம் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பீடு டெஸ்ட் படத்தைத்தான் காட்டுகிறார்கள். அதில் இருப்பது நோயின் பெயர் இல்லை, காய்ச்சல் அளவு மட்டும்தான். கேபிள் மோடம் வைத்திருப்பவர்களுக்கு அதைவிட நல்ல கருவி வீட்டிலேயே இருக்கிறது. மோடம் தனக்கு எவ்வளவு சிக்னல் வருகிறது, தான் எவ்வளவு கத்த வேண்டியிருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்தைப் பல வருடமாகப் பார்த்துவருகிற ஒருவனின் அனுபவம் இது.

வீடு திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கம். பழைய மூன்று மாடி அடுக்ககம். தெரு கேபிள்காரர் மூலமாக டிவியும் இணையமும் ஒரே கோஆக்ஸ் வயரில் வருகின்றன. மோடம் அவர்களே கொடுத்தது, டாக்சிஸ் (கேபிளில் இணையம் அனுப்புவதற்கான விதிமுறை) 3.0 வகை. பல சேனல்களைச் சேர்த்து ஒரே குழாய்போல் பயன்படுத்தும் வசதி 2006-இல் வந்த இந்த 3.0 பதிப்பில்தான் தொடங்கியது. எங்கள் மோடம் எட்டு டவுன்ஸ்ட்ரீம் (நமக்கு வருகிற) சேனலையும் நான்கு அப்ஸ்ட்ரீம் (நம்மிடமிருந்து போகிற) சேனலையும் பிடிக்கும். ஆரம்ப வருடங்களில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 50 வந்தது.

பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தொல்லை. வீடியோ அழைப்பில் மற்றவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும், நான் பேசுவது அவர்களுக்கு வெட்டி வெட்டிப் போகும். டவுன்லோடு 20-க்கு வரும், அப்லோடு ஒன்றைத் தாண்டாது. தினமும் ஓரிரு முறை மோடத்தின் விளக்கு அணைந்து மறுபடி கண்சிமிட்டத் தொடங்கும்.

வைஃபையை முதலில் கழித்துவிட வேண்டும். லான் வயரில் லேப்டாப்பை நேராக மோடத்தில் செருகிப் பார்த்தேன், அதே வேகம்தான். சரி, வைஃபை மேல் பழி இல்லை. வயரில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால் நீங்கள் தேட வேண்டியது ரவுட்டரை, இந்தக் கட்டுரையை இல்லை.

அடுத்து பிரௌசரில் 192.168.100.1 என்று அடித்தேன். அனேகமாக எல்லா கேபிள் மோடமும் இந்த முகவரியில்தான் தன் கணக்கைக் காட்டும். சில ஆபரேட்டர்கள் பூட்டி வைத்திருப்பார்கள், எங்களுடையது திறந்தே இருந்தது. அங்கே பார்க்க வேண்டியவை நான்குதான். டவுன்ஸ்ட்ரீம் சக்தி, எஸ்என்ஆர் என்கிற சிக்னல்-இரைச்சல் விகிதம், அப்ஸ்ட்ரீம் சக்தி, அப்புறம் நிகழ்வுப் பதிவு. டவுன்ஸ்ட்ரீம் சக்தி 0 டிபிஎம்வி-யை (சிக்னல் பலத்தின் அலகு இது) ஒட்டி இருந்தால் உத்தமம். விதிப்படி கழித்தல் 15 முதல் கூட்டல் 15 வரை மோடம் சமாளிக்க வேண்டும். ஆனாலும் கழித்தல் 7-க்கும் கூட்டல் 7-க்கும் நடுவில் இருந்தால்தான் நிம்மதி. எஸ்என்ஆர் 33-க்கு மேல் இருக்க வேண்டும். அப்ஸ்ட்ரீம் சக்தி 40-களின் நடுவில் இருப்பது நல்லது.

என் மோடத்தில் டவுன்ஸ்ட்ரீம் கழித்தல் 11, எஸ்என்ஆர் 31. அதுகூடப் பரவாயில்லை. அப்ஸ்ட்ரீமில் நான்கு சேனலில் இரண்டைக் காணோம், மீதி இரண்டும் 50-ஐத் தாண்டி நின்றன. பதிவேட்டில் வரிசையாக டி3 பிழை. மோடம் ஏதோ சொல்லி அனுப்புகிறது, ஆபரேட்டர் முனையிலிருந்து பதில் வரவில்லை என்பதுதான் டி3. டாக்சிஸ் 3.0-இல் நான்கு அப்ஸ்ட்ரீம் சேனலில் சேர்ந்து பேசும் மோடம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 51 டிபிஎம்வி வரைதான் போக முடியும். அதற்குமேல் தொண்டை இல்லை. வழியில் இழப்பு கூடக் கூட மோடம் குரலை உயர்த்திக்கொண்டே போகும், உச்சம் தொட்டதும் சேனலை ஒவ்வொன்றாகக் கைவிடும். நான் பேசியது மட்டும் வெட்டிப் போனதற்கு இதுதான் காரணம்.

டவுன்ஸ்ட்ரீமை எல்லோரும் பார்க்கிறார்கள், அப்ஸ்ட்ரீமை யாரும் பார்ப்பதில்லை. ஆபரேட்டர் ஆளும்கூட.

புகார் கொடுத்ததும் வந்த பையன் நல்லவன், வேலையும் தெரிந்தவன். கையில் சிக்னல் மீட்டர் கொண்டுவந்திருந்தான். மோடத்தில் செருகியிருந்த வயரின் பின்னை (நுனி இணைப்பானை) கழற்றி மீட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "49 வருது சார்" என்றான். மோடம் கழித்தல் 11 என்கிறதே என்று ஒரு கணம் குழம்பினேன். விஷயம் இதுதான்: நம் ஊர் கேபிள்காரர்களின் மீட்டர் டிபி மைக்ரோவோல்ட்டில் காட்டும், மோடம் டிபி மில்லிவோல்ட்டில் காட்டும். இரண்டுக்கும் இடையே சரியாக 60 வித்தியாசம். 49-இல் 60 போனால் கழித்தல் 11. இரண்டு பேரும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்த 60-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

"டிவி நல்லாத்தானே சார் தெரியுது?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி. டிவி தெரியும். செட்டாப் பாக்ஸ் கேட்கிற பிராணி, பேசுகிற பிராணி இல்லை, திரும்பிப் பேச வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. குவாம் என்பது சிக்னலில் தகவலை அடுக்கும் முறை, எண் பெரிதானால் அடுக்கும் நெருக்கம். 64 குவாம் முறையில் வரும் டிவி சேனலைவிட 256 குவாம் முறையில் வரும் இணைய சேனலுக்குச் சுமார் 6 டிபி கூடுதல் சுத்தம் வேண்டும். அதனால் படம் துளிகூடப் பிசிறாத வயரிலும் இணையம் நொண்டலாம். பக்கத்தைத் திறந்து அப்ஸ்ட்ரீம் எண்ணைக் காட்டினேன். "இது ஜாஸ்திதான் சார்" என்று உடனே ஒத்துக்கொண்டான்.

அங்கிருந்து இருவருமாகச் சேர்ந்து வயரைப் பின்தொடர்ந்தோம். முதல் நிறுத்தம் லாஃப்ட். இரண்டாவது டிவி வாங்கியபோது வயரைப் பிரித்துக்கொடுக்க மாட்டிய ஸ்ப்ளிட்டர் அங்கே பழைய பாத்திரங்களுக்கு நடுவே கிடந்தது. வழி நான்கு, அதில் ஒன்று சும்மா திறந்து கிடந்தது. இரு வழி ஸ்ப்ளிட்டர் சுமார் 3.5 டிபி தின்னும், நான்கு வழி 7 தின்னும். பயன்படுத்தாத வழிக்கும் சேர்த்துத்தான் பங்கு போகும். இந்த இழப்பு இரண்டு பக்கமும் பாயும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வருகிற சிக்னலில் 7 குறைந்தால், போகிற சிக்னலில் மோடம் 7 கூடுதலாகக் கத்த வேண்டும். அதனால் இப்படி மாற்றினோம்: வயர் வீட்டுக்குள் நுழைந்ததும் இரு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று, அதில் ஒரு கால் நேராக மோடத்துக்கு, மறு கால் டிவிகளுக்கு. டிவிகள் வேண்டுமானால் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளட்டும். மோடம் முதல் பந்தியில் உட்கார வேண்டும்.

ஸ்ப்ளிட்டர் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 950 முதல் 2400 வரை என்று போட்டிருந்தால் அது டிஷ்ஷுக்கானது. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார், ஒன்றில்லை. அப்ஸ்ட்ரீம் ஓடுவதே 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் அடிப்பகுதியில்தான்.

பூஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. கீழ் வீட்டு மாமா இதே தொல்லைக்குக் கடையில் ஒரு டிவி பூஸ்டர் வாங்கி மாட்டினார். படம் பளிச்சென்று ஆனது, இணையம் அடியோடு நின்றது. சாதாரண பூஸ்டர் ஒருவழிப் பாதை. வருவதைப் பெரிதாக்கும், திரும்பிப் போவதை மறித்துவிடும். ரிட்டர்ன் பாதை உள்ள வகைதான் வேண்டும். அதுவும் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும் என்பதால், வயர் சரியாக இருக்கும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

ஸ்ப்ளிட்டர் மாற்றியதில் டவுன்ஸ்ட்ரீம் கழித்தல் 7-க்கு ஏறியது. மீதிக்கு மொட்டை மாடிக்குப் போனோம்.

அங்கேதான் கடற்கரை தன் வேலையைக் காட்டியிருந்தது. தெருவில் சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் வயர் எங்கள் கைப்பிடிச் சுவரில் ஒரு ஜாயின்ட்டில் முடிந்து, இன்னொரு வயராகக் கீழே இறங்குகிறது. ஜாயின்ட்டைச் சுற்றியிருந்த கறுப்பு டேப் வெயிலில் உருகிப் பிசினாகியிருந்தது. பின்னைக் கழற்றியதும் நடுக் கம்பியின் நுனியில் பச்சைப் பொடி. வயரின் தோலைக் கொஞ்சம் உரித்தால், வெள்ளியாக மின்ன வேண்டிய அலுமினிய வலை சாம்பல் நிறத்தில் விரலில் உதிர்ந்தது. மழைத்தண்ணீர் பின் வழியாக இறங்கி வலைக்குள் ஊறியிருக்கிறது. அந்தப் பையன் சளைக்காமல் ஒன்றரை அடி வெட்டி எறிந்தான், இன்னும் சாம்பல். மறுபடி வெட்டினான். வெள்ளி நிறம் வரும்வரை வெட்ட வேண்டும் என்பது அவன் கணக்கு, நல்ல கணக்கு.

நடுக் கம்பி சரியாகத் தொடாதபோது அந்த இடைவெளி ஒரு சின்ன கப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். உயர்ந்த அலைவரிசை அதைத் தாண்டிக் குதித்துவிடும், தாழ்ந்த அலைவரிசை திணறும். அப்ஸ்ட்ரீம் இருப்பது தாழ்ந்த பகுதியில். டிவி தப்பித்து இணையம் மட்டும் அடிவாங்கியதற்கு இது இன்னொரு காரணம்.

ஜாயின்ட்டிலிருந்து இறங்கிய வயர் மெலிந்த ஆர்ஜி-59. பழைய டிவி காலத்து மிச்சம். அதை எடுத்துவிட்டு ஆர்ஜி-6 போடச் சொன்னேன். 750 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஆர்ஜி-6 சுமார் 5.7 டிபி இழக்கும், ஆர்ஜி-59 சுமார் 7. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் புதிய வயரின் உறை இரைச்சலை நன்றாகத் தடுக்கும். பின்களையும் திருகிச் செருகும் மலிவு ரகத்தை விட்டு, கருவியால் அழுத்தி மூட்டும் கம்ப்ரஷன் வகையில் போட்டோம். கூடுதல் செலவை நானே கொடுத்தேன், பின் ஒன்றுக்கு டீ விலைகூட இல்லை. ஜாயின்ட்டுக்கு முன்னால் வயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் பின்னுக்குள் போகாமல் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். அதையும் செய்தோம்.

இறங்கி வந்து பக்கத்தைப் புதுப்பித்தால் டவுன்ஸ்ட்ரீம் கழித்தல் 1, எஸ்என்ஆர் 37, அப்ஸ்ட்ரீம் 43, நான்கு சேனலும் திரும்பியிருந்தன. மோடத்தில் கைவைக்கவே இல்லை.

இன்னொரு பூதமும் அன்றைக்கே ஒழிந்தது. அடுக்ககத் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் டி3 பிழைகள் கொத்தாக வரும். உறை கெட்ட வயர் ஏரியல் மாதிரி. மோட்டார், மிக்சி கிளப்பும் பொறி இரைச்சலெல்லாம் அதே தாழ்ந்த அலைவரிசையில் வயருக்குள் ஏறிவிடும். வயர் மாறியபின் மோட்டார் பாட்டுக்கு ஓடுகிறது.

கஸ்டமர் கேரில் பேசுபவர்கள் முதல் வார்த்தையாக "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். செய்வதற்கு முன் சிக்னல் பக்கத்தையும் பதிவேட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மோடங்களில் மறுதொடக்கத்தோடு பதிவேடு அழிந்துவிடும், திருத்த முடியாத பிழைகளின், அதாவது மோடத்தால் மீட்க முடியாமல் போன தரவுத் துண்டுகளின், எண்ணிக்கையும் பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்த எண்ணிக்கையும் தனியாக ஒன்றும் சொல்லாது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் சேதி.

வயரைச் சரிசெய்தும் தீராதவை உண்டு. இரவு எட்டு மணிக்குமேல் வேகம் பாதியாவது எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறது. சிக்னல் எண்கள் அசையாமல் இருக்க வேகம் மட்டும் விழுந்தால் அது நெரிசல். ஒரே சேனல்களை அந்தப் பகுதி முழுக்கப் பங்கிட்டுக்கொள்கிறது. ஒரு சேனலின் கொள்ளளவு 6 மெகாஹெர்ட்ஸ் முறையில் சுமார் 38 எம்பிபிஎஸ், 8 மெகாஹெர்ட்ஸ் முறையில் சுமார் 50. வீட்டுக்குள் என்ன மாற்றினாலும் இதற்கு மருந்து இல்லை. அதேபோல் மே மாத மதியத்தில் சக்தி ஓரிரு டிபி இறங்கும், சூட்டில் வயரின் இழப்பு கூடும் என்பதால் அது இயற்கை. கரண்ட் போனால் நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போய்விடுகிறது என்று கோபப்படுபவர்கள், தெரு ஆம்ப்ளிஃபையர் யார் வீட்டு கரண்டில் ஓடுகிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

மோடமே குற்றவாளியாக இருப்பதும் நடக்கும். இன்டெல்லின் பூமா 6 சிப் கொண்ட மோடங்களில் தாமதம் திடீர் திடீரென எகிறும் கோளாறு 2016-இல் வெளிவந்து பெரிய பேச்சானது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. என்னுடையதில் கெட்டது 12 வோல்ட் அடாப்டர் மட்டும்தான். சிக்னல் பக்கம் அழகாக இருக்க, மோடம் தானாக அணைந்து எழுந்துகொண்டிருந்தது. பதிவேட்டில் டி3 ஏதும் இல்லாமல் புதிய தொடக்கம் மட்டும் பதிவானால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ள ஒன்று போதும்.

தெருவில் ஃபைபர் கிடைக்கிறதென்றால் அதை எடுங்கள், அப்லோடு வேகத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கேபிள்தான் வழி என்றால் இணைப்பு கொடுக்கும் அன்றே 192.168.100.1 பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அப்ஸ்ட்ரீம் 48-க்கு மேல் இருந்தால் ஆளை அனுப்பிவிடாதீர்கள், மாடிக்குக் கூட்டிப் போங்கள்.